அடைத்த கதவு

தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து சாலை பஜார்க் கடையொன்றில் அரிசி புடைக்கிற பேச்சிக்கு அன்று மலையாள சினிமாவில் ஒரு சின்ன வேஷம் கிடைத்தது. அவசரநிலைக் காலத்தில் நிஜமாக நடந்த கதை. கூட்டாளிகளின் பெயரைச் சொல்ல மறுத்த ஒரு வாத்தியாரைப் போலீஸ் தெருவழியே இழுத்துப் போகும். அதைக் கண்டதும் பேச்சி கதவை அடைக்க வேண்டும், அவ்வளவுதான்.

வலியசாலைத் தெருவில் படப்பிடிப்பு தொடங்கியது. சட்டை கிழிந்து வந்த நடிகர் அவளைப் பார்த்து, "அம்மே, கொஞ்சம் வெள்ளம்" என்றார். பேச்சி கதவை மறந்து, கிடைத்த சொம்பில் தண்ணீரோடு ஓடினாள்.

"கட்!" என்ற இயக்குநர் ஷிஜா பக்கத்தில் வந்தார். "சேச்சி, கதவை அடைக்கணும்."

"தண்ணி கேக்காரே, எப்படிம்மா அடைக்கது? அன்னைக்கு நெசமாவே ஒருத்தரும் குடுக்கலையா?"

"குடுக்கலை. எல்லாருக்கும் பயம். அந்த வாத்தியார் மாஷோட மகள் சொன்னதுதான் இது. அவர் யாரையும் குறை சொன்னதில்லையாம். கூட்டாளிங்க பேரையும் சொல்லலை."

அடுத்த முறை நடிகர் தண்ணீர் கேட்டபோது, பேச்சி, முகத்தைப் பார்த்துக்கொண்டே கதவைச் சாத்தித் தாழ்போட்டாள். வெளியே கைதட்டினார்கள்.

அவள் வெளியே வந்தபோது நடிகர் நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"சூப்பரா அடைச்சீங்க சேச்சி" என்று சிரித்தார்.

பேச்சிக்குச் சிரிப்பு வரவில்லை. "என்னைய மன்னிச்சிருங்க சார்" என்றாள்.

நடிகர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார்.