நிறைசாடி உப்பு

யாராவது தும்மினால்கூட வசந்தினிக்கு ஆலோசனை சொல்லாமல் இருக்க முடியாது. குடியேறிய நகரத்தின் லாசால் பகுதியில், கார்டெரி எனப்படும் ஒரு குழந்தைகள் காப்பகத்தில் சின்னப் பிள்ளைகளைப் பார்ப்பது அவளுடைய வேலை. ஊரைப் பார்ப்பது அவளாக இழுத்துப் போட்டுக்கொண்ட வேலை. மட்டக்களப்புப் பெண்கள் நூற்றெழுபது பேர் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில், ஞாயிறுதோறும் புதிய மருத்துவ ஆய்வு ஒன்றைத் தமிழில் பேசி அனுப்புவாள். புரளி கிளப்புகிறவள் அல்ல. பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் தேடி வாசித்து, இரண்டு இடத்தில் சரிபார்த்த பிறகுதான் வாய் திறப்பாள். அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

ஏப்ரலில் அவள் பேசியது உப்பைப் பற்றி. சாதாரண உப்புக்குப் பதில் பொட்டாசியம் கலந்த உப்பைச் சமையலில் பாவித்தவர்களுக்கு இரத்த அழுத்தமும் பக்கவாதமும் குறைந்ததாக, ஆயிரக்கணக்கானோரை வைத்துச் செய்த ஓர் ஆய்வு சொன்னது. சிறுநீரக வருத்தம் உள்ளவர்களும் சிலவகைப் பிரஷர் குளிசை எடுப்பவர்களும் வைத்தியரைக் கேட்காமல் அதைத் தொடவே கூடாது என்பதையும் அவள் சொல்லத்தான் செய்தாள். பதிவின் கடைசியில் சொன்னாள். கடைசிவரை யார் கேட்டார்கள்!

அடுத்த மாதம் சிவராசா அண்ணன் பக்கத்து நகரமான லவாலில் வீடு வாங்கினார். புது வீட்டுக்குள் முதலில் போகவேண்டியது உப்பு. ஒன்றுவிட்ட தங்கச்சி என்ற முறையில் அதைக் கொண்டுபோகும் உரிமை வசந்தினிக்கு. பெட்டியோடு நீட்டினால் அழகில்லை, சாடி நிறைந்திருக்கவேண்டும். கொடுப்பதை நல்லதாகவே கொடுப்போமே என்று அந்தப் பொட்டாசியம் உப்பில் இரண்டு பெட்டி உடைத்தாள். வெள்ளைப் பீங்கான் சாடியில் விளிம்பு தட்டக் கொட்டி, மேலே ஒரு மஞ்சள் துண்டு வைத்து, வெளியே குங்குமப் பொட்டு இட்டாள். வெறும் பெட்டிகள் குப்பைக்குப் போயின. சாடியின் படத்துக்குக் குழுவில் அறுபது இதயம் விழுந்தது.

ஐந்து வாரம் கழித்து, ஒரு வியாழக்கிழமை. பிள்ளைகள் மதியச் சாப்பாடு முடிந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். சிவராசாவின் மனைவி செல்வமலர் போனில் கூப்பிட்டாள்.

"புள்ள, உன்னட்ட ஒண்டு கேக்கணும். ஆருக்கும் சொல்லிப்போடாத."

"சொல்லுங்க மச்சாள்." வசந்தினி குரலைத் தணித்துக்கொண்டாள்.

"உங்கட அண்ணனுக்குக் காலையில இரிந்து காலத் தூக்க ஏலாதாம். நெஞ்சும் நிண்டு நிண்டு அடிக்குதாம். கிட்னி வருத்தத்தாலயா இரிக்கும்?"

"என்ன கிட்னி வருத்தம்?"

"ரெண்டு வருசமா இரிக்கு. சாருஜாவுக்கு மாப்பிள பாக்கிற நேரத்தில வெளிய விடக்கூடாது என்டு இருந்தம்."

வசந்தினிக்குக் கேட்கவே பயமாக இருந்தது, ஆனாலும் கேட்டாள்.

"மச்சாள், சமையலுக்கு என்ன உப்புப் போடுறீங்க?"

"நீ தந்ததுதான். முதல் உப்பு முடியுமட்டும் வேற உப்பு வீட்டுக்க வரப்படாது என்டு நீதானே சொன்ன?"

சொன்னவள் அவள்தான். சாமிப் படத்துக்கு முன்னால் நின்று, பத்துப் பேர் கேட்கச் சொன்னாள்.

"உடனே ஆம்புலன்ஸக் கூப்பிடுங்க."

பின்னால் சிவராசாவின் குரல் கேட்டது. "கால் சோர்வுக்கு ஆம்புலன்ஸா? புது அயல். எல்லாரும் வெளிய வந்து பாப்பாங்க. செவ்வாய்க்கிழமை டொக்டரிட்டப் போறம்தானே."

உண்மையைச் சொன்னால் அந்தக் குடும்பத்தின் முகத்தில் இனி முழிக்க முடியாது. சொல்லாமல் விட்டால் அண்ணன் செவ்வாய்க்கிழமையைப் பார்க்கமாட்டார்.

"மச்சாள், நான் தந்தது சும்மா உப்பில்ல. பொட்டாசியம் உப்பு. கிட்னி ஏலாத ஆளுக்கு அது நெஞ்ச நிப்பாட்டிப்போடும். என்ட பிழைதான். ஆம்புலன்ஸ்காரங்களிட்ட உப்பப் பத்திச் சொல்லுங்க. இப்பவே அடிங்க!"

ஒரு பிள்ளை எழும்பி அழத் தொடங்கியது. போன் துண்டிக்கப்பட்டிருந்தது. கோபத்திலா, ஆம்புலன்ஸுக்கா? அவளே 911 அவசர எண்ணுக்கு அடித்து லவால் விலாசத்தைச் சொன்னாள். வண்டி புறப்பட்டுவிட்டதாக அங்கிருந்த பெண் சொன்னாள்.

பிள்ளைகளைக் கூட வேலை செய்பவளிடம் ஒப்படைத்துவிட்டு மெட்ரோவுக்கு ஓடினாள். பதினேழு தடவை அடித்தும் மச்சாள் எடுக்கவில்லை. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் கதவு திறந்து மூடும்போது, இந்நேரம் முடிந்திருக்கும் என்று நினைத்தாள். ஐந்து கிழமை, மூன்று நேரச் சாப்பாடு. சொதியிலும் சோற்றிலும் எத்தனை கரண்டி போயிருக்கும் என்று மனம் கேட்டுக்கொண்டே இருந்தது. சும்மா கடை உப்பை வாங்கிப் போட்டிருக்கக் கூடாதா? கெட்டிக்காரி!

லவாலில் இறங்கும்போதுதான் அண்ணனின் மகள் சாருஜாவிடமிருந்து ஆஸ்பத்திரியின் பெயர் மட்டும் வந்தது. அவர் உயிரோடு இருக்கிறாரா என்பதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

அவசரப் பிரிவில் செல்வமலர் தனியாக உட்கார்ந்திருந்தாள். வசந்தினி ஒரு கதிரை விட்டுத் தள்ளி உட்கார்ந்தாள். பக்கத்தில் உட்காரத் தைரியம் வரவில்லை.

"உயிரோட இரிக்கார்," என்றாள் செல்வமலர், முகத்தைத் திருப்பாமல். "நெஞ்சுத் துடிப்ப மெசின்ல பாத்திட்டு உடனே ஊசி போட்டவங்க. உப்பென்டு சொன்னதாலதான் கெதியாக் கண்டுபிடிச்சவங்களாம். இன்னம் ஒரு மணித்தியாலம் பிந்தியிருந்தா..."

வசந்தினி அழுதாள். செல்வமலர் தேற்றவில்லை.

"அவருக்கு இந்த வருத்தம் வந்த நாள்ல இரிந்து லேபிள் வாசிக்காம ஒரு சாமானும் நான் வீட்டுக்க எடுக்கிறல்ல. பெட்டியோட தந்திருந்தா வாசிச்சிருப்பன் புள்ள."

வருத்தத்தைச் சொல்லியிருந்தால் நானும் தந்திருக்கமாட்டேன் என்ற பதில் வசந்தினியின் தொண்டைவரை வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

உள்ளே எங்கோ ஒரு மெசின் கூவியது. இருவரும் ஒரே நேரத்தில் எழுந்து நின்றார்கள். அது வேறு யாருக்கோ. இந்தமுறை உட்காரும்போது செல்வமலர் நடுவில் இருந்த கதிரையில் உட்கார்ந்தாள்.

"உன்ட சாடியப் பாத்து வேற ஆரும் இப்படிக் கொட்டிக் குடுத்தவங்களா?"

வசந்தினி அதை அதுவரை நினைத்துப் பார்க்கவில்லை. நூற்றெழுபது பேர். அறுபது இதயம். மூன்று பேர் அப்போதே உப்பின் பெயர் என்ன என்று எழுதிக் கேட்டிருந்தார்கள். புதிதாக ஒரு பயம் அவளைப் பிடித்துக்கொண்டது.

செல்வமலர் வசந்தினியின் போனை எடுத்து அவள் கையில் வைத்தாள்.

"இப்பவே பேசி அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை வருமட்டும் பாத்துக்கொண்டு இரிக்காத."

"என்னென்டு சொல்ல மச்சாள்? பேர் ஒண்டும் சொல்லாம..."

"பேரச் சொல்லு. கிட்னி வருத்தம் என்டும் சொல்லு. ஆரோ ஒராள் என்டு சொன்னா ஒருத்தரும் கேக்கமாட்டாங்க." அவள் கண்ணைத் துடைத்தாள். "அத முதல்ல சொல்லு. கடைசியில இல்ல."