முகத்தில் படாத வெளிச்சம்

எங்கள் வீட்டுச் சமையல் மேடைக்கு நேர் மேலே ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே தெரு. அடுப்பின் முன் நிற்பவர் தெருவுக்கு முகம் காட்டித்தான் நிற்க வேண்டும். மாலையில் அங்கே நிற்பவன் என் மகன்.

அவனுக்கு அச்சகத்தில் காலை வேலை, மருமகளுக்கு மருந்துக் கடையில் மாலை வேலை. இரவுச் சமையல் அவன் பொறுப்பானது அப்படித்தான். நன்றாகவே சமைப்பான், அதில் எனக்குக் குறையில்லை. அது தெருவுக்குத் தெரிய வேண்டியதில்லை என்பது மட்டுமே என் கட்சி. எங்கள் குடும்பத்து ஆண்களை இந்தத் தெரு வேறு விதமாக அறிந்து வைத்திருக்கிறது.

பழைய குழல்விளக்கு பின்சுவரில் இருந்தவரை மானம் காப்பாற்றப்பட்டது. வெளியிலிருந்து பார்த்தால் ஓர் உருவம் தெரியும், ஆள் தெரியாது. ஆனால் அவன் நிழல் முழுவதும் நறுக்கும் பலகைமேல் விழுந்தது. கட்டைவிரலை ஒருமுறை வெட்டிக்கொண்டான். மறுமுறை தையல் போட்டுக்கொண்டு வந்தான்.

"மாமா, கூரையில பெரிய விளக்கா ஒண்ணு போட்டுடலாம். பகல் மாதிரி இருக்கும்" என்றாள் மருமகள்.

"பகல் எதுக்கு? நாடகமா போடப் போறோம்?"

"அவர் கை போச்சுன்னா யாரு சமைப்பாங்க? நீங்களா?"

ஜன்னலுக்குத் திரை போடலாம் என்றேன். அடுப்புக்குப் பக்கத்தில் துணியைத் தொங்கவிட்டால் விளக்கே தேவைப்படாது, வீடே எரியும் என்றாள். வாய் அவளுக்கு எப்போதும் கொஞ்சம் நீளம். சொன்னதில் தவறில்லை என்பதால் விட்டுவிட்டேன்.

விளக்கு வாங்க நானே போனேன்.

"வெளிச்சம் கையில விழணும். முகத்துல விழக்கூடாது" என்றேன் கடைக்காரரிடம்.

"விவரமா கேக்குறீங்க, ஐயா. கண்ணு கூசும்னு யாரும் யோசிக்கிறதே இல்ல."

நான் மறுக்கவில்லை. அவர் ஒரு பட்டை விளக்கை எடுத்து வைத்தார். நீளமான தகரக் கூடு, இருபுறமும் இறங்கிய விளிம்பு. ஜன்னலுக்கு மேலுள்ள தட்டின் அடியில் பொருத்தினால் வெளிச்சம் நேரே கீழே, மேடைமீது மட்டும் விழும். மஞ்சள் ஒளி அழகாக இருக்கும் என்றார். மஞ்சளில் வெங்காயம் சிவக்கும் முன்பே சிவந்ததுபோலத் தெரியும் என்று சொல்லி வெள்ளையை வாங்கினேன்.

பொருத்திய அன்று இருட்டியதும் தெருவில் இறங்கி நின்று பார்த்தேன். கணக்கு பிசகவில்லை. தோளுக்கு மேலே இருட்டு. கீழே, வெள்ளை வெளிச்சத்தில், இரண்டு கைகள் மட்டும் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தன. நிழல் போனபின் கத்திக்குத் தயக்கமே இல்லை.

எதிர்வீட்டு வக்கீல் நடைப்பயிற்சி முடித்து வந்தார். கோர்ட்டை விட்டு வெகுகாலமாகியும் கறுப்புக் கோட்டை விடாதவர்.

"என்ன, உங்க வீட்டையே வேடிக்கை பாக்குறீங்க?"

"விளக்கு புதுசு."

அவரும் பார்த்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டு இன்னொரு முறை பார்த்தார்.

"அடேயப்பா, என்ன வேகம். மருமகப் பொண்ணுதானே? சம்பந்தி வீட்டு வளர்ப்பு, கையிலயே தெரியுது."

ஆமாம் என்ற ஒரு சொல் போதும். இத்தனை யோசித்து விளக்கு வாங்கியதே அதற்காகத்தான். வாய் வரை வந்தது.

"சம்பந்தி வீட்டுல வெந்நீர் வெச்சாலே அடிபிடிக்கும்" என்றேன். "அது என் பையன் கை."

வக்கீல் என் பக்கம் திரும்பினார். "பையனா?"

"பையன்தான்."

"இன்னிக்கு மட்டுமா?"

"தினமும்."

அவர் பார்வை கைகளிலிருந்து மேலே ஏறியது. "அப்புறம் முகம் மட்டும் ஏன் இருட்டா இருக்கு?"

"கண்ணு கூசக்கூடாதுன்னு."

"எங்க வீட்டம்மா காதுல மட்டும் போட்டுடாதீங்க. நாளைக்கே எனக்கும் ஒரு விளக்கு வாங்கிடுவா" என்று சொல்லிவிட்டுப் போனார். அவரே போய் அம்மா காதில் போட்டுவிடுவார். காலைக்குள் தெரு முழுவதும் தெரிந்துவிடும்.

உள்ளே வந்தேன். மகன் நிமிராமல் கேட்டான்.

"வெளிய இருந்து எப்படிப்பா இருக்கு?"

"நல்லா தெரியுது. கூன் போடாம நேரா நின்னு நறுக்கு. தெரு பாக்குது."