பதினாலா, பதினெட்டா

கெலிஓயாவில் மரக் கிண்ணம் கடையும் ரிஸ்மிக்கும் அவருடைய அண்ணன், ஃபாஸில் நானாவுக்கும் இரண்டு வருடமாக ஒரே வாக்குவாதம். கட்டைகளை அறுக்க பேண்ட்சோ என்ற வாள் மெஷின் ஒன்று வாங்க வேண்டும். பதினாலு அங்குலமா, பதினெட்டா?

"வாங்குறதுதான் வாங்குற, பெரிசா வாங்கு" என்பார் நானா.

"வைக்க எடம் எங்க ஈக்கு?" என்பார் ரிஸ்மி. யாராவது ஒருவர் எழும்பிப் போனால்தான் பேச்சு நிற்கும்.

போன மழையில், வீட்டுக்குப் பின்னால் தேங்கிய தண்ணீரை வெட்டிவிடப் போனார் நானா. மேடு சரிந்து அவரை மூடிவிட்டது. மேட்டில் நின்ற பலா மரம் வேரோடு வந்து முற்றத்தில் கிடந்தது.

இரண்டு மாதம் ரிஸ்மி பட்டறையைத் திறக்கவில்லை. பிறகு ஒரு காலையில், அந்தப் பலாவின் முனை வெடிக்கத் தொடங்கியிருப்பதைப் பார்த்துவிட்டு, கண்டிக்கு பஸ் ஏறினார். விட்டால் மரம் வீணாகும். அதற்குமேல் அவர் யோசிக்கவில்லை.

கடையில் இளங்கோ என்ற நாவலப்பிட்டிக்காரர் நின்றார். "வாங்க நானா, என்ன பாக்குறீங்க?"

கண்டிக் கடைகளில் முஸ்லிம் ஆண்களை எப்போதும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அன்று வேறு யாரையோ கூப்பிட்டதுபோல ரிஸ்மி திரும்பிப் பார்த்தார்.

"பதினாலையும் பதினெட்டையும் காட்டுங்க."

"அது சக்கரத்தோட அளவு. அத விடுங்க. நீங்க அறுக்குற கட்டை எவ்ளோ தடிப்பு?"

"எட்டு, ஒம்பது அங்குலம். பச்சைப் பலா."

இளங்கோ டேப்பை எடுத்து அளந்தார். பதினாலில் மேசைக்கு மேலே கட்டை நுழைய ஆறு அங்குல உயரம்தான். "கட்டை உள்ள போகவே போகாது." பதினெட்டில் பன்னிரண்டு இருந்தது. "ஆனா இதுக்கு த்ரீ ஃபேஸ் கரண்ட் வேணும். வீட்டுல இருக்கா?"

"இல்ல."

"அப்ப இந்தப் பதினாறப் பாருங்க. பத்து அங்குலம் உயரம். வீட்டுக் கரண்ட்லயே ஓடும். பச்சை மரத்துக்கு மட்டும் பெரிய பல்லு பிளேடா போட்டுக்குங்க."

நானாவும் பிழை, அவரும் பிழை. இவ்வளவு காலமும் ஒருவருக்கும் அந்த உயரத்தை அளக்கத் தோன்றவில்லை. இருந்திருந்தால் நானா தொடையில் தட்டிச் சிரித்திருப்பார் என்று ரிஸ்மி நினைத்தார். நினைத்ததோடு சரி. உள்ளே ஒன்றும் அசையவில்லை.

"இதையே தாங்க" என்றார்.

மறுநாள் லொறியில் வந்து இறங்கியது. நானாவின் மனைவி ஸக்கியா, கணவனை இழந்தவர்கள் வெளி ஆண்கள் முன் வராமல் இருக்கும் இத்தாவில் இருந்தார். திரைக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தது.

"எத வாங்கினீங்க தம்பி?"

"பதினாறு, மச்சி."

"பதினாறப் பத்தி நீங்க ரெண்டு பேரும் பேசவே இல்லியே."

"ஓம். பேசல்ல."

"பகலைக்குச் சோறு அனுப்புறன். சாப்பிடுங்க."

ரிஸ்மி பலாத் துண்டை மேசையில் வைத்து மெல்லத் தள்ளினார். வாள் நேராகப் போனது. கையெல்லாம் மஞ்சள் தூள். பத்துக் கட்டைகளை வட்டமாக அறுத்து, முனைகள் வெடிக்காதிருக்க மெழுகு பூசி அடுக்கினார். சோறு வந்ததும் கையைக் கழுவிவிட்டு உட்கார்ந்தார். ருசி தெரியவில்லை. ஆனால் பல நாளைக்குப் பிறகு முழுவதையும் சாப்பிட்டார்.