சும்மா இருந்த மூன்று மாதம்

ஒன்பது வருடமாகத் தத்துவத் துறையில் அவளுக்குப் பட்டப்பெயர் ‘தற்காலிகம்’. ஒப்பந்தம் மாதக் கடைசியோடு முடிகிறது. இருப்பது ஒரே ஒரு நிரந்தர இடம். அதற்கு இன்று நேர்காணல். கிடைக்காவிட்டால், நாற்பத்தொரு வயதில், அறம் என்றால் என்னவென்று நன்றாகத் தெரிந்த வேலையில்லாதவள் ஆவாள்.

லிஃப்ட் பழுதுபார்க்கும் கணவர் காலையிலேயே எச்சரித்திருந்தார். “கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. உண்மை கிண்மைன்னு ஆரம்பிச்சிடாத.”

“நான் பாடம் நடத்தறதே அதைத்தாங்க.”

“நடத்து, யாரு வேணாங்கறா? இன்னைக்கு ஒரு நாள் லீவு விடு.”

நேர்காணல் அறைக்கு வெளியே பெஞ்சில் போட்டிக்கு வந்த இளைஞன் உட்கார்ந்திருந்தான். சட்டைக் காலர் நனைந்திருந்தது. பயத்தில் வாய் ஓயவில்லை.

“மேடம், உங்களுக்குக் கட்டுரை எத்தனை வந்திருக்கு?”

“ஆறு.”

“எனக்கு ரெண்டுதான். மூணாவது வந்திருந்தா தெம்பா உள்ள போவேன். ஆய்வுப் பத்திரிகைல பேரை மறைச்சு யாருக்கோ மதிப்பீட்டுக்கு அனுப்பினாங்க. மூணு மாசம் ஆச்சு, பதிலே இல்ல. எந்தப் புண்ணியவான் தலைக்கு வெச்சுத் தூங்கறானோ!”

“எதைப் பத்தி?” அவள் கேட்டிருக்கக் கூடாது.

“தீங்கு செஞ்சாத்தான் குத்தம், சும்மா இருந்தா குத்தமில்லன்னு ஒரு கட்சி இருக்கில்ல? அதுக்கு எதிரா. ஒருத்தன் வாசல்ல நாற்காலி போட்டு உக்காந்திருக்கான். யாரையும் தொடல, தள்ளல. ஆனா உள்ள இருக்கறவன் வெளிய வர முடியல. இவன் சும்மாவா இருக்கான்?”

அந்தக் கட்சியில் மொத்தம் நாலு பேர், தலைவி அவள். அந்தக் கட்டுரை அவளிடம்தான் கிடந்தது. படித்த அன்றே தெரிந்துவிட்டது, தன் கோட்பாடு காலி என்று. நிராகரிக்க மனசாட்சி விடவில்லை. ஏற்றுக்கொள்ள வயிறு விடவில்லை. ஆகவே சும்மா இருந்தாள். அவள் கோட்பாட்டின்படி அது குற்றமே இல்லை.

உள்ளே கூப்பிட்டார்கள்.

மேஜைக்கு அப்பால் ஐந்து பேர். இருபது நிமிடம் தன் கோட்பாட்டை விளக்கினாள். குரல் யாரோ பேசுவது போலக் கேட்டது. கயிறு நைந்தது தெரிந்தே லிஃப்டில் ஆள் ஏற்றுவது மாதிரி இருந்தது. அந்த நாற்காலி உதாரணத்தைச் சொல்லலாம் என்றால் அது அவளுடையதல்ல. அச்சில் வராத அடுத்தவன் சொத்து.

குழுத் தலைவர் புன்னகைத்தார். “பிரமாதம். இதுக்கு எதிரா வலுவான வாதம் எதுவும் இல்லையே?”

“இல்லை” என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வேலை கைக்கெட்டும் தூரத்தில்.

“இருக்குங்க சார். நானே இருக்கேன்.”

தலைவர் பேனாவைக் கீழே வைத்தார்.

“என்கிட்ட ஒரு கட்டுரை மதிப்பீட்டுக்கு வந்துச்சு. நல்ல கட்டுரை. பயத்துல மூணு மாசம் தொடல. எழுதினவருக்கு அதனால நஷ்டம். என் கோட்பாடு என்னைக் குத்தமில்லாதவள்னு சொல்லுது. அது பொய்னு எனக்குத் தெரியும்.”

ஐந்து பேரும் ஒரே நேரத்தில் தண்ணீர் குடித்தார்கள். அவரவர் மேஜையில் எத்தனை கட்டுரை தூங்கியதோ.

“அப்ப உங்க கோட்பாடு?” என்றார் தலைவர்.

“விழுந்துடுச்சு.”

“அதை எங்களுக்கு எதுக்கும்மா இருபது நிமிஷம் விளக்குனீங்க?”

“வேலை வேணும் சார்.”

தலைவர் ஃபைலை மூடினார். “நீங்க போகலாம்.”

வெளியே இளைஞன் எழுந்து நின்றான். “என்ன மேடம், இப்படி வேர்க்குது?”

“உங்க கட்டுரை என்கிட்டதான் இருக்கு. தாமதம் பண்ணினது நான்தான். இன்னைக்கே அனுப்பிடறேன். மன்னிச்சிடுங்க.”

அவனைக் கூப்பிட உள்ளேயிருந்து மணி அடித்தது.

“இதை இப்பவா மேடம் சொல்லுவீங்க!”

அதுவும் நியாயம்தான். எதை எப்போது சொல்வது என்பதற்கு அவளிடம் கோட்பாடு எதுவும் இருந்ததில்லை. அவன் உள்ளே போனதும் கதவு மூடியது. பெஞ்சில் உட்கார்ந்து போனில் மதிப்பீட்டுப் படிவத்தைத் திறந்தாள். ‘ஏற்கலாம்’ என்ற இடத்தை அழுத்தினாள். காரணம் எழுதச் சொன்னது. கதவுக்குப் பின்னால் அவன் முதல் வாக்கியத்திலேயே தடுமாறி நின்றான். அவள் விரலும் நின்றது. இருமிவிட்டு, அவன் மறுபடி தொடங்கினான், முதலிலிருந்து, சத்தமாக.

அவள் எழுதினாள்: “இந்தக் கட்டுரை என் கருத்தை உடைத்துவிட்டது. உடனே வெளியிடவும்.”