ஆதிபா விழவிடாதவை

உக்குவளையில் நப்லானின் கராஜுக்குள் மேசையிலிருந்து தள்ளிவிடப்பட்ட ஒரு மோட்டார் சைக்கிளின் பாகங்கள் ஒன்றுகூட நிலத்தில் விழவில்லை. எல்லாம் அந்தரத்தில் நின்றன. அன்று செவ்வாய்க்கிழமை, அஸர் பாங்கு சொல்லி முடிந்த பின்னேரம். மிளகு விலை இறங்கி வியாபாரம் படுத்திருந்த வாரம் அது. கடைத்தெருவில் ஆட்கள் சும்மா நின்றிருந்ததால் பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு சொல்வதற்கு முன்பே செய்தி ரயில் பாதைக்கு அந்தப் பக்கமும் போய்ச் சேர்ந்துவிட்டது. வந்து எட்டிப் பார்த்தவர்கள் பாகங்களைப் பார்த்தார்கள், பிறகு அவற்றின் நடுவே நின்ற ஆதிபாவின் முகத்தைப் பார்த்தார்கள், ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போனார்கள்.

மோட்டார் சைக்கிள் ஆதிபாவுடையது. அவள் அரசாங்க மருத்துவமாது. ரத்தோட்டைக்கு மேலே, ரிவர்ஸ்டன் போகும் பாதையில் ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்கள் அவளுடைய பொறுப்பு. கர்ப்பிணிகளை வீடு வீடாகப் போய்ப் பார்க்க வேண்டும், பிரஷர் அளக்க வேண்டும், கணுக்காலை விரலால் அழுத்தி வீக்கம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், சரியில்லை என்றால் உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். பெட்ரோல் தட்டுப்பாட்டு வரிசைகள் ஓய்ந்த அடுத்த வருடம் அவள் தன் சம்பளத்தில் அந்த வண்டியை வாங்கினாள். ஸ்கூட்டி போதுமே என்று பலர் சொன்னார்கள். அந்த மலைப்பாதையை ஸ்கூட்டி ஏறாது என்று அவளுக்குத் தெரியும். கியர் மாற்றி ஓட்டப் பழகி, மழையங்கி மாட்டிக்கொண்டு, மேல் லயம் வரைக்கும் ஏறினாள். தோட்டத்தில் அவளை மிஸ்ஸி என்று கூப்பிட்டார்கள். வண்டிச் சத்தம் கேட்டதும் கர்ப்பிணிகள் வாசலில் வந்து நிற்பார்கள்.

அவளுடைய கணவன் நப்லான் காலையில் மிளகும் கராம்பும் வாங்கி விற்பான், பின்னேரத்தில் கராஜில் இருப்பான். பழைய மோட்டார் சைக்கிள்களைக் கழற்றிப் பார்ப்பது அவனுக்குப் பெரும் பிரியம். கழற்றுவதில் அவனை மிஞ்ச ஊரில் ஆளில்லை. பூட்டுவதில் அவ்வளவு அவசரம் காட்டமாட்டான். அடுத்த வருடத் தொடக்கத்தில் ஒருநாள் ஆதிபாவின் வண்டியைச் சுற்றி வந்து காதை வைத்துக் கேட்டுவிட்டு, "எஞ்சின்ல சின்னச் சத்தமொண்டு ஈக்கி. பாத்துத் தாறேன்" என்றான். அவளுக்கு எந்தச் சத்தமும் கேட்டிருக்கவில்லை. ஆனாலும் சாவியைக் கொடுத்தாள். ஒரே நாளில் வண்டி மேசைமேல் பரவிக் கிடந்தது. பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது என்றான். புதியது கொழும்பிலிருந்து வரவேண்டும் என்றான். மாதங்கள் போயின. கேட்கும்போதெல்லாம் கொழும்பிலிருந்து வரவில்லை.

ஆதிபா பஸ்ஸில் போனாள். உக்குவளையிலிருந்து மாத்தளைக்கு ஒரு பஸ், மாத்தளையிலிருந்து ரத்தோட்டைக்கு இன்னொன்று, அதற்கு மேலே போகிற பஸ் வந்தால் உண்டு. தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்து தொழிற்சாலைப் பக்கத்து லயங்களைப் பார்த்து முடிக்கும்போதே திரும்புகிற பஸ் ஹோர்ன் அடிக்கும். மேல் லயத்துக்கு ஏற நேரமிருக்காது. அங்கே தனுஷா என்ற பெண் முதல் பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தாள். கீழே வந்து காட்டச் சொல்லி ஆதிபா ஆட்களிடம் சொல்லி அனுப்பினாள். இறங்கி வர முடியாத அளவுக்குக் கால்கள் வீங்கியிருந்தது கீழே யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் வலிப்பு வந்து, கொழுந்து ஏற்றும் லொறியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். தனுஷா பிழைத்தாள். பிள்ளை இறந்தே பிறந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஆதிபா மேல் லயத்துக்கு நடந்தே ஏறினாள். தனுஷா வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கவில்லை.

"மாசாமாசம் வர்றவங்கதானே நீங்க. ஏன் வரல மிஸ்ஸி?" என்று கேட்டாள். "வண்டிச் சத்தம் கேக்குதா கேக்குதான்னு காத பொத்திப் பொத்தித் தெறந்து பாத்தேன். ஏன் வரல?"

ஆதிபா வண்டி பழுது என்று சொல்ல வாயெடுத்தாள். அந்தச் சொல் அவளுக்கே அருவருப்பாக இருந்தது. இறங்கி வந்து இரண்டு பஸ் பிடித்து நேராகக் கராஜுக்குப் போனாள். நப்லான் வேறொரு வண்டியின் டேங்கைத் துடைத்துக்கொண்டிருந்தான். ரிங் வந்துவிட்டதா என்று கேட்டாள். திரும்பிப் பார்க்காமலே, "கொழும்பால இன்னும் வரல்ல" என்றான். ஆதிபா மேசையின் விளிம்பைப் பிடித்து, இருந்த பலமெல்லாம் கொண்டு கவிழ்த்தாள்.

மேசை விழுந்தது. மற்ற எதுவும் விழவில்லை. செயின் பாதி சுருண்டபடி நின்றது. நட்டுகளும் வோஷர்களும் முகத்துக்கு நேரே கொசுக்கூட்டம் போல் நின்றன. காபரேட்டரில் மிச்சமிருந்த பெட்ரோல் ஒரு துளியாக வெளியே வந்து கண்ணாடி மணிபோல் அப்படியே இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே, அவளுடைய கண்மட்டத்தில், பழைய துணிகளுக்கு அடியிலிருந்து கிளம்பிய ஒரு சிறிய பெட்டி நின்றது. பிரிக்கப்படாத புதிய பிஸ்டன் ரிங். பெட்டியின்மேல் மாத்தளையில் உதிரிப்பாகக் கடை வைத்திருக்கும் யோகராஜின் கடை முத்திரை. ஆதிபா அங்கே நின்றபடியே யோகராஜுக்கு ஃபோன் எடுத்தாள். "அது சித்திரைக்கு முந்தியே வாங்கிட்டுப் போயிட்டாருங்களே மிஸ்ஸி" என்றார் யோகராஜ். "இன்னும் பூட்டலியா?"

நப்லான் துணியைக் கீழே போட்டான். துணி நிலத்தில் விழுந்தது.

"கடையில என்ன எப்பிடிக் கூப்பிடுறாங்க தெரியுமா?" என்றான். "மிஸ்ஸிட மாப்பிள்ள. சாமான் எடுக்கப் போனாலும் அதுதான், பள்ளிவாசலுக்குப் போனாலும் அதுதான். எனக்கொரு பேரில்லையா? கொஞ்ச நாளைக்கு வண்டி இல்லாட்டி நீயே டவுனுக்கு மாத்தம் கேப்பாயெண்டு நெனச்சேன். வேறொண்டும் இல்ல."

"ஒரு புள்ள மவுத்தாப் போச்சு."

"அது அல்லாஹ்ட நாட்டம், ஆதிபா."

"அல்லாஹ்ட பேர இதுக்குள்ள இழுக்காதீங்க. பெட்டிய ஒளிச்ச கை உங்கட கை."

அதற்குப் பிறகு அந்த வீட்டில் கணவனும் மனைவியும் பேசிக்கொண்டது மிகக் குறைவு. நப்லான் முதலில் பாகங்களைக் கையால் இழுத்துப் பார்த்தான். ஒரு வோஷரைக்கூட அசைக்க முடியவில்லை. பிறகு கூரை வளை மரத்தில் பாரம் தூக்கும் செயின் புளொக் கட்டி டேங்கை இழுத்தான். வளைதான் வளைந்தது. பள்ளிவாசல் லெப்பையை அழைத்து வந்தான். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், நட்டுகளுக்கு இடையே தலையைக் குனிந்து குனிந்து நடந்து பார்த்துவிட்டு, இதில் ஓதிப் பார்க்க எதுவுமில்லை, பிள்ளை கோபமாக இருக்கிறாள், அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டுத் தேநீர் குடித்துப் போனார். பொலிஸிலிருந்தும் இருவர் வந்தார்கள். தொங்குவது சட்டவிரோதமா என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

அவள் மன்னித்துவிட்டால் எல்லாம் தானாக விழுந்துவிடும் என்று ஊர் ஒருமனதாக முடிவு செய்தது. அதைச் சொல்லச் சொந்தக்காரர்கள் நப்லானின் உம்மா றாபியாவை அனுப்பினார்கள். றாபியா கராஜ் வாசலுக்கு வந்தாள். பெட்டியைப் பார்த்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மகள், இதக் கீழ எறக்கச் சொல்லித்தான் வந்தேன்" என்றாள். "இப்ப சொல்லல்ல. என்ட மகன் செஞ்சதுக்கு நான் எந்த முகத்தோட உன்னட்ட பொறுத்துக்கச் சொல்ற?" வீட்டுக்குப் போய் மகனைக் கூப்பிட்டு அவள் ஏசியது பக்கத்து வளவுவரைக்கும் கேட்டது.

உண்மையில் மன்னிப்பைப் பற்றி ஆதிபா யோசிக்கவே இல்லை. அவளுக்கு வண்டி வேண்டும். ஒருநாள் வேலையிலிருந்து வந்ததும் ஸ்பானரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நப்லானால் அசைக்க முடியாத பாகங்கள் அவளுடைய ஒற்றை விரலுக்கு வந்தன. ஃபோனில் வீடியோக்களைப் பார்த்தாள், புரியாததை யோகராஜிடம் கேட்டாள். ரிங்கை மாட்டும்போது ஒன்றை உடைத்தாள். யோகராஜ் வேறொன்று அனுப்பினார். நப்லான் வாசலில் நின்று, "அந்த கேஸ்கட்ட முதல்ல வெக்கணும்" என்பான், "அவ்வளவு இறுக்கினா புரி போயிடும்" என்பான். சரியான பேச்சாக இருந்தால் அவள் அப்படியே செய்வாள். பதில் சொல்லமாட்டாள். தன் கராஜில் தன் கைக்கு வேலையில்லாமல் நிற்பது அவனுக்கு எப்படி இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது. தெரிந்தும் அவளுக்கு இரக்கம் வரவில்லை. ஒவ்வொரு நட்டையும் இறுக்கும்போது தனுஷா கேட்ட கேள்வி காதில் விழுந்தது. சாவியைக் கொடுத்த தன் கைமேலும் அவளுக்குக் கோபம் இருந்தது. சத்தம் இல்லாத இடத்தில் சத்தம் இருக்கிறது என்று ஒருவன் சொன்னதும், தன் காதைவிட அவன் பேச்சை நம்பிய பெண்ணை அவளால் சகிக்க முடியவில்லை.

வண்டி முழுதாகப் பூட்டி முடிந்தபோது, சக்கரங்கள் நிலத்திலிருந்து ஒரு சாண் மேலே நின்றன. ஆதிபா ஏறி உட்கார்ந்து அழுத்திப் பார்த்தாள். இறங்கவில்லை. கிக்கரை ஒரு தரம் மிதித்தாள், எஞ்சின் பிடித்துக்கொண்டது. "நெலத்தில பிடிப்பில்லாம எப்பிடி ஓடும்?" என்று நப்லான் கேட்டுக்கொண்டிருக்கும்போதே வண்டி வாசலைத் தாண்டிப் போய்விட்டது. மாத்தளை டவுனில் போக்குவரத்துப் பொலிஸ்காரர் ஒருவர் கையைக் காட்டி நிறுத்தினார். லைசன்ஸ், இன்ஷுரன்ஸ் இரண்டையும் வாங்கிப் பார்த்தார், குனிந்து டயர்களுக்குக் கீழேயும் பார்த்தார், "ஹரி, யன்ன" என்று சிங்களத்தில் போகச் சொல்லிவிட்டார். பள்ளங்களில் குலுங்காததால் வண்டி முன்பைவிட நன்றாகவே ஓடியது.

தனுஷா கதவைத் திறக்கவில்லை. ஆதிபா ஒவ்வொரு தடவையும் மேல் லயத்துக்கு ஏறி, மூடிய கதவுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு மற்ற வீடுகளுக்குப் போனாள். பல மாதங்கள் கழித்து, அடுத்த வருடத்தில் ஒருநாள் கதவு திறந்தது.

"இப்ப வந்து என்ன ஆகப்போகுது?" என்றாள் தனுஷா.

"ஒண்டும் ஆகாது. ஆனா வருவேன்" என்றாள் ஆதிபா. பிறகு, இதுவரை தன் வாயால் யாரிடமும் சொல்லாததைச் சொன்னாள். "என்ட மாப்பிள்ள வேணுமெண்டே வண்டியக் கழட்டி வெச்சிருந்தார். பொய் சொன்னார். நான் அத நம்பிக்கிட்டு ஈந்தேன்."

தனுஷா கதவை இன்னும் அகலத் திறந்தாள். "அப்ப நான் ரெண்டு பேரயும்தான் கோவிச்சுக்கணும்."

"கோவிச்சுக்கங்க."

தனுஷா படியிறங்கி வந்து வண்டியின் டேங்கில் உள்ளங்கையை வைத்தாள். வண்டி இன்னும் கொஞ்சம் மேலே எழும்பியது. அவள் கையை எடுக்கவில்லை. பிறகு, பிரஷர் பார்க்கச் சொல்லிக் கையை நீட்டினாள். அவள் மறுபடியும் முழுகாமல் இருந்தாள்.

அந்த வருடக் கடைசியில்தான் பெருமழை வந்தது. மாவட்டம் முழுவதும் மண் சரிந்தது. ரத்தோட்டைக்கு மேலே பாதை இரண்டு இடங்களில் காணாமல் போனது. மின்சாரமும் ஃபோனும் போயின. மழை தொடங்கியபோது ஆதிபா தோட்டத்திலேயே தங்கிவிட்டிருந்தாள். மூன்றாம் நாள் காலை தனுஷாவின் முகம் ஊதியிருந்தது. தலை பிளக்கிறது என்றாள், கண்ணில் பூச்சி பறக்கிறது என்றாள். ஆதிபா பிரஷர் பார்த்தாள்; உடனே ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டிய அளவுக்கு ஏறியிருந்தது. தோட்டத்து ஜீப் தொழிற்சாலையைத் தாண்டி வர வழியில்லை. ஆண்கள் தூக்கிப் போகலாமா என்று கூடிக் கூடிப் பேசினார்கள். ஆதிபா பேச்சு முடியும்வரை காத்திருக்கவில்லை. தனுஷாவைப் பின்னால் ஏற்றி, ஒரு சேலையால் தன் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு கிளம்பினாள்.

பாதை அறுந்த இடத்தில், கீழே பனிமூட்டத்துக்குள் தண்ணீர் இரைந்தது. ஒரு லயத்தின் தகரக்கூரை மட்டும் சேற்றில் தெரிந்தது.

"கீழ பாக்காதீங்க" என்றாள் ஆதிபா.

"பாப்பேன்" என்றாள் தனுஷா, அவள் முதுகில் முகத்தை அழுத்திக்கொண்டு. "இந்த ரோட்டு ஒடையும்னு எத்தன வருஷமா சொன்னோம்? ஒருத்தன் வந்து பாத்தானா? எம்மேல யாருக்கும் அக்கற இல்ல மிஸ்ஸி. நீங்க ஓட்டுங்க!"

அவள் அப்படிச் சொல்லச் சொல்ல வண்டி உயர்ந்தது. சாய்ந்த மின்கம்பத்தின் உச்சி அவர்களுடைய காலுக்குக் கீழே போனது. அந்தப் பக்கத்தில் மண்வெட்டியோடு நின்றவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். வருத்தக்காரியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிறார்கள், வழி விடுங்கள் என்று ஒருவர் சிங்களத்தில் கத்த, எல்லாரும் சேற்றுக்குள் இறங்கி ஒதுங்கினார்கள். பகல் சாப்பாட்டு நேரத்துக்கு முன்பே மாத்தளை ஆஸ்பத்திரியில் தனுஷாவை உள்ளே எடுத்தார்கள். பெண் பிள்ளை. நிறை குறைவு, ஆனால் அழுகைச் சத்தம் வார்டுக்கு வெளியே நின்ற ஆதிபாவுக்குக் கேட்டது. அவள் ஈர மழையங்கியோடு சுவரில் சாய்ந்து நின்று, முதல் பிள்ளைக்காகவும் அன்றுதான் அழுதாள்.

இனி வண்டி இறங்கிவிடும் என்று ஊரில் எல்லாரும் நினைத்தார்கள். நப்லானும் நினைத்தான். ஆதிபா அதற்குள் தோட்டத்துக் கிளினிக்குக்குப் பின்னாலிருந்த அறைக்குக் குடிபோயிருந்தாள். பாதையைச் சீராக்கியதும் அவன் பஸ் பிடித்து மேலே வந்தான். கிளினிக் வாசலில் நின்ற வண்டியைக் குனிந்து பார்த்தான். சக்கரங்களுக்குக் கீழே புல்லும் வெளிச்சமும் தெரிந்தன.

"இன்னுமா?" என்றான்.

"இன்னும்" என்றாள் ஆதிபா. அவன் கொண்டுவந்த பார்சலை வாங்கி வைத்துக்கொண்டு, தேநீர் ஊற்றிக் கொடுத்தாள். அவன் குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் இறங்கிப் போனான். இப்போதும் சில வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆ முடிந்து வருவான், குனிந்து பார்ப்பான், போவான்.

தோட்டத்தில் யாரும் அதைப் பெரிதாகப் பேசுவதில்லை. வண்டியைக் காற்றுத் தள்ளிக்கொண்டு போகாமலிருக்க, ஒரு கயிற்றால் சவுக்கு மரத்தில் கட்டி வைக்கிறார்கள். சாதாரண நாட்களில் சக்கரங்களுக்குக் கீழே கோழிகள் நுழைந்து மழைக்கு ஒதுங்கும். நப்லான் வந்துபோன நாட்களில் நாய்கள் படுத்துக்கொள்ளும் அளவுக்கு இடமிருக்கும்.