விளக்கு எரிந்த நாற்பத்திரண்டு நிமிடம்

அந்த ஆய்வுக்கூடத்தில் அவளை முகத்துக்கு நேரே அக்கா என்பார்கள், முதுகுக்குப் பின்னால் சி.ஐ.டி. என்பார்கள். இரண்டாவது பெயர் அவளுக்குத் தெரியாது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்குத் தெரியாமல் அந்த மாடியில் ஒரு பஞ்சுத்துண்டுகூட இடம் மாறாது என்பதை அவர்கள் யோசித்திருக்க வேண்டும். மூடிய ஃப்ரீசர் கதவை இன்னொரு தடவை தள்ளிப் பார்ப்பாள். புருஷன் போன் செய்து ஆபீஸில் இருக்கிறேன் என்றால், பின்னால் கேட்கிற சத்தத்தை வைத்து அவர் எந்தக் கடை வாசலில் நிற்கிறார் என்று சொல்லிவிடுவாள். இருபது வருடமாக இந்த வேலையில் ஒரு ஸ்லைடுகூட அவள் கையில் மாறிப்போனதில்லை. சந்தேகப்படுவதுதான் அதற்குக் காரணம் என்பது அவள் கட்சி.

அப்படிப்பட்டவளுக்குப் பக்கத்து மேஜையில் எட்டு மாதத்துக்கு முன்னால், விசில் என்று எல்லோரும் கூப்பிடுகிறவர் வந்து சேர்ந்தார். வேறொரு ஆஸ்பத்திரியிலிருந்து மாறி வந்தவர். அவளைவிட மூன்று வயது மூத்தவர், ஆனாலும் வந்த முதல் நாளே அக்கா என்று கூப்பிட்டார். இந்த மனுஷன் எதையோ மறைக்கிறான் என்று அன்றைக்கே அவள் முடிவு கட்டிவிட்டாள்.

பெயருக்கு ஏற்றபடி அவர் வேலை செய்யும்போது விசில் அடிப்பார். சும்மா அடிப்பதில்லை. சாயம் போட்ட ஸ்லைடை ஐந்து நிமிடம் கழுவ வேண்டும். மங்கலான அறையில், கையுறை போட்ட ஈரக்கையால் கடிகாரத்தைத் தொட முடியாது. அதனால் ஒரு மெட்டை மூன்று முறை அடித்து முடித்தால் ஐந்து நிமிடம் என்று ஒரு வழக்கம் வைத்திருந்தார். அவள் கதவுக்கு வெளியே நின்று கைக்கடிகாரத்தை வைத்து அளந்து பார்த்தாள். நான்கு நிமிடம் ஐம்பது விநாடி. பத்து விநாடி குறைகிறது என்று தன் குட்டி நோட்டில் எழுதி வைத்தாள். அந்த நோட்டில் அவரைப் பற்றி மட்டும் பதினேழு குற்றம் சேர்ந்திருந்தது. என்றைக்காவது ஒருநாள் டாக்டரம்மா முன்னால் அதைப் பிரித்து வைத்து இந்த ஆளை வேறு மேஜைக்குத் துரத்துவது என்பது அவள் திட்டம்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் வந்த சிறுநீரகத் துணுக்கு அவள் தங்கச்சியுடையது.

பத்து நாளில் தங்கச்சி கால் வீங்கி, சிறுநீர் காப்பி நிறத்தில் போய், முகம் ஊதி, ஆளே மாறிப்போயிருந்தாள். முதுகில் ஊசி போட்டு, குண்டூசிப் பருமனில் கொஞ்சம் சதை எடுத்து மேல்மாடிக்கு அனுப்பியிருந்தார்கள். இனி இங்கே நடக்க வேண்டியது இதுதான். அந்தச் சதையை உறைய வைத்து, மிக மெல்லியதாகச் சீவி, பச்சை ஒளி விடும் சாயம் கட்டிய ஆன்டிபாடியை அதன்மேல் ஒரு சொட்டு விட வேண்டும். உடம்பின் காவல்காரப் புரதங்கள் புத்தி கெட்டுப்போய்ச் சொந்தச் சிறுநீரகத்தையே தாக்கிக்கொண்டிருந்தால், இந்தச் சொட்டு அவற்றைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும். நீல வெளிச்சத்தில் பார்த்தால் அவை இருக்கிற இடமெல்லாம் பச்சையாக ஒளிரும். புள்ளி புள்ளியாக ஒளிர்ந்தால் ஒரு வியாதி. வடிகட்டிச் சுவரின்மேல் ஒரே கோடாக ஒளிர்ந்தால் அது வேறு, எல்லாவற்றிலும் வேகமானது. கோடு இருந்தால் அன்றைக்கே மிஷினில் போட்டு ரத்தத்தைச் சுத்தம் செய்ய ஆரம்பிக்க வேண்டும். ஒருநாள் தாமதித்தாலும் சிறுநீரகம் திரும்பி வராமல் போகலாம்.

சொந்தக்காரர்களின் ஸ்லைடைத் தொடக்கூடாது என்பது அந்தக் கூடத்தின் சட்டம். அதை டாக்டரம்மா காலையிலேயே ஞாபகப்படுத்திவிட்டு மீட்டிங்குக்குப் போய்விட்டார். இரண்டு மணிக்கு வந்து தானே பார்ப்பதாகச் சொன்னார். ஆக, தங்கச்சியின் உயிர் விசில் கையில். போதாக்குறைக்கு மாப்பிள்ளை வார்டிலிருந்து போன் செய்தார். தங்கச்சியின் புருஷன், நல்ல மனுஷன், ஆனால் டாக்டர் என்றாலே பயம். மிஷின் என்றால் கழுத்தில் குழாய் போடுவார்களாமே என்று இழுத்தார்.

"அண்ணி, யார் சொன்னாலும் நான் கையெழுத்துப் போட மாட்டேன். நீங்க உங்க கண்ணால பார்த்துச் சொன்னாத்தான் போடுவேன்."

பத்தே முக்காலுக்கு விசில் சத்தம் நின்றது. அவர் இருட்டறையைப் பூட்டாமல் சாத்திவிட்டு, அடுத்த வேலைக்காகக் கீழ்த்தளத்துக்குப் போனார். அவள் பதினோரு மணி வரைக்கும் பொறுத்துப் பார்த்தாள். அதற்குமேல் கால் கேட்கவில்லை.

அறைக்கதவில் அவள் கையெழுத்தில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. 'பார்த்து முடித்ததும் விளக்கின் கதவை மூடவும். வெளிச்சம் பட்டால் ஒளி செத்துவிடும்.' அதைத் தாண்டித்தான் உள்ளே போனாள். மைக்ரோஸ்கோப்பின் நீல விளக்கைப் போட்டாள். கோடு காட்டக்கூடிய அந்த ஒரு ஸ்லைடை வைத்தாள். அந்தச் சீவலில் ரத்தத்தை வடிகட்டும் உருண்டைகள் இரண்டே இரண்டுதான் இருந்தன. பெரிய லென்ஸைத் திருப்பினாள்.

கோடு இருந்தது. பென்சிலைச் சீவி வரைந்தது மாதிரி, வளைவு வளைவாக, எங்கேயும் விடுபடாமல் பச்சையாக ஓடியது. இரண்டாவது உருண்டையைப் பார்த்தாள். அதிலும் கோடு. சின்ன வயதில் தங்கச்சிக்குச் சடை பின்னிவிட்டது, அவள் கல்யாணத்தில் தான் அழுதது, எல்லாம் நினைவுக்கு வந்துபோயின. ஒரு நிமிடம் பார்த்திருப்பாள், அவள் மனசுக்குத் தெரிந்து. விளக்கை அணைத்துவிட்டு வெளியே வந்தாள்.

வெளியே வந்ததும் சந்தேகம் வந்துவிட்டது. வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். பத்து விநாடி குறையக் கழுவுகிற ஆள் சாயத்தை ஒழுங்காகக் கழுவினாரா? கழுவாத சாயம் தேங்கி நின்று இப்படிக் கோடு காட்டக்கூடாதா? காட்டும் என்று மனசு அடித்துச் சொன்னது. விசில் தப்புச் செய்திருந்தால் தங்கச்சிக்கு ஒன்றுமில்லை. எட்டு மாதமாக அந்த மனுஷன்மேல் குற்றம் தேடியவள், இப்போது அவர் தப்புச் செய்திருக்க வேண்டுமே என்று கும்பிடாத சாமியையெல்லாம் கும்பிட்டாள்.

பதினொன்றே முக்காலுக்குத் திரும்பப் போனாள். கோடு இருந்தது, ஆனால் முன்னைப்போல் பளிச்சென்று இல்லை. அவளுக்கு நெஞ்சு லேசானது. பன்னிரண்டரைக்குப் போனபோது இன்னும் மங்கல். ஒட்டாத சாயம்தான், கரைந்துகொண்டு வருகிறது, நான் அப்போதே நினைத்தேன் என்று உள்ளுக்குள் துள்ளினாள். சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே ஒன்றேகாலுக்கு நான்காவது முறை போனாள். லென்ஸை மாற்றி மாற்றித் தேடினாள். பச்சை என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. இருட்டில் உட்கார்ந்து கொஞ்சம் அழுதாள், சந்தோஷத்தில்தான்.

அழுது முடித்ததும் கோபம் வந்தது. இரண்டு மணி நேரம் ஒரு குடும்பத்தையே சாகடித்த ஆளைச் சும்மா விடுவதா? ஆதாரம் சேர்க்கத் தொடங்கினாள். முதலில் வெற்று ஸ்லைடுகள் அடுக்கிய பெட்டி. ஸ்லைடு பத்துக் குறைந்திருந்தது, பதிவேட்டில் எட்டுதான் இருந்தது. அப்படியானால் இரண்டைக் கெடுத்து எங்கேயோ ஒளித்திருக்கிறார். அடுத்து, விளக்குப் பெட்டி. விளக்கு இதுவரை எத்தனை மணி நேரம் எரிந்திருக்கிறது என்று அதில் ஒரு எண் ஓடும். வேலை முடித்ததும் விசில் எழுதியிருந்த எண் 412.3. இப்போது பெட்டியில் 413.0. கணக்குப் போட்டால் நாற்பத்திரண்டு நிமிடம். பதினெட்டு, பத்தொன்பது என்று நம்பர் போட்டு இரண்டையும் நோட்டில் எழுதினாள்.

இரண்டு மணிக்கு டாக்டரம்மா வந்தார், விசிலும் கூடவே வந்தார். அவளை வாசலிலேயே நிற்கச் சொல்லிவிட்டு உள்ளே போனார்கள். திறந்த கதவு வழியே எல்லாம் கேட்டது. ஒத்துப்பார்ப்பதற்காக, கோடு உண்டு என்று நிச்சயமாகத் தெரிந்த வேறொரு நோயாளியின் பழைய சதைக்கும் இதோடு சேர்த்தே சாயம் போட்டிருந்தார்கள். அது பளீரென்று ஒளிர்கிறது, ஆகவே சாயம் நன்றாகத்தான் வேலை செய்திருக்கிறது என்றார் டாக்டரம்மா. இந்த நோயாளியிடம்தான் ஒன்றும் இல்லை.

"கோடு இல்லம்மா. நல்லதுதான். வார்டுக்குச் சொல்லிடறேன், மிஷின் ரூமை வேற ஆளுக்குக் கொடுத்துடலாம்."

விசில் தயங்கினார். காலையில் ஓரத்தில் ஒரு நொடி எட்டிப் பார்த்தபோது பச்சை நன்றாகத் தெரிந்ததாகத் தனக்குத் தோன்றியது என்று மென்று விழுங்கினார். அவ்வளவுதான், அவள் நோட்டோடு உள்ளே நுழைந்துவிட்டாள். ஐந்து நிமிடத்துக்கு விசில் அடித்துக் கழுவுகிற கதை, ஒளித்த இரண்டு ஸ்லைடு, கடைசியாக விளக்கு. எழுதியது 412.3, எரிந்தது 413.0.

"இந்த நாப்பத்திரண்டு நிமிஷம் விளக்கைப் போட்டுட்டு யார் மேடம் உள்ள இருந்தது? கேளுங்க இவரை."

டாக்டரம்மா விசிலைப் பார்த்தார். பத்தே முக்காலுக்கு எண்ணைக் குறித்துவிட்டு இறங்கியவர், இரண்டு மணிக்கு டாக்டரம்மாவோடுதான் மேலே வந்தார். நடுவில் தான் ஒரு விநாடிகூட இங்கே இல்லை, கீழே நான்கு பேர் சாட்சி என்றார். அவள் பக்கம் அவர் திரும்பவில்லை.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பதினொன்று, பதினொன்றே முக்கால், பன்னிரண்டரை, ஒன்றேகால். ஒவ்வொரு நிமிடம் என்றுதானே நினைத்தாள்? சடை பின்னிய ஞாபகம் எத்தனை நிமிடம், கல்யாணம் எத்தனை நிமிடம், அழுகை எத்தனை நிமிடம்? சாயம் கரையவில்லை. அந்த இரண்டு உருண்டைகளையும் பெரிய லென்ஸில் வைத்து, நீல வெளிச்சத்தைக் கொட்டி, ஒளியை அவளேதான் சாகடித்திருந்தாள். கோடு நிஜம்.

அவளை யாரும் சந்தேகப்படவில்லை. இருபது வருடத்துப் பெயர் அவளுக்குக் காவல் இருந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் அறிக்கையில் கோடு இல்லை என்று எழுதுவார்கள், அவள் வேண்டிக்கொண்டதும் அதைத்தான். டாக்டரம்மா போனைக் கையில் எடுத்து வார்டு நம்பரை அழுத்தத் தொடங்கினார்.

"நான்தான் மேடம்," என்றாள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை. "நாலு தடவை வந்து பார்த்தேன். கோடு இருந்துச்சு. ரெண்டு உருண்டையிலயும் இருந்துச்சு. பார்த்துப் பார்த்து நானே அழிச்சுட்டேன்."

டாக்டரம்மா போனைக் கீழே வைத்தார். திட்டுவார் என்று நின்றாள். திட்டியிருந்தால் தேவலை. சொந்தக்காரர் கண்ணால் பார்த்ததை வைத்து ஒருத்தி கழுத்தில் குழாய் போட முடியாது என்று மட்டும் சொன்னார். மிச்சச் சதையைச் சீவினால் அதில் உருண்டை இருக்குமா என்று விசிலைக் கேட்டார். இல்லை, தீர்ந்துவிட்டது என்றார் அவர். அவள் நோட்டை மூடினாள்.

விசில் தொண்டையைச் செருமினார்.

"அக்கா கேட்டாங்களே, அந்த ரெண்டு ஸ்லைடு. அது ஃப்ரீசர்ல இருக்கு மேடம். அதுல உருண்டை இருக்கு, சாயம் போடல. அக்காவோட தங்கச்சியாச்சே, எதுக்கும் இருக்கட்டும்னு கூட ரெண்டு சீவி வச்சேன். சதையை வீணாக்கறேன்னு நீங்க திட்டுவீங்கன்னுதான் எழுதல."

அடுத்த ஒன்றரை மணி நேரம் அவள் நடைக்கூடத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். உள்ளேயிருந்து விசில் சத்தம் வந்தது. மூன்று முறை அடித்து நின்றது. கை தானாகக் கடிகாரத்தின் பக்கம் போனது, அதைக் கழற்றிப் பைக்குள் போட்டாள். பத்து விநாடி என்ன, பத்து விநாடி. அந்த மெட்டு இன்னும் கொஞ்சம் நீளமாக இருக்கக்கூடாதா என்றுகூட ஒரு நினைப்பு வந்தது, அதையும் அடக்கினாள்.

நாலு மணி தாண்டியதும் கதவு திறந்தது. டாக்டரம்மா போனில் பேசிக்கொண்டே வார்டுப் பக்கம் வேகமாக நடந்தார். பின்னால் வந்த விசில் பெஞ்சுக்கு எதிரே நின்றார்.

"படம் எடுத்தாச்சு அக்கா. இனிமே ஒளி போனாலும் பரவாயில்ல. ஒரு தடவை வந்து பார்க்கறீங்களா?"

அவள் எழுந்துவிட்டாள். இரண்டடி வைத்தாள். கதவில் ஒட்டியிருந்த தன் கையெழுத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"நீங்க பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

"கோடா?"

"கோடுதான் அக்கா."

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதற்கு இப்போது நேரமில்லை. அங்கேயே நின்று மாப்பிள்ளைக்குப் போன் போட்டாள். மிஷின் ரூமுக்குத் தங்கச்சியைக் கூட்டிப்போக ஆள் வருகிறார்கள், தாளை நீட்டினால் உடனே கையெழுத்துப் போடுங்கள் என்றாள். நீங்களே உங்கள் கண்ணால் பார்த்தீர்களா என்று அவர் கேட்டார்.

"இல்ல மாப்பிள்ளை," என்றாள். "என் கண்ணைவிட நம்பிக்கையான ஆள் பார்த்தாரு. போடுங்க."