ட்ரம்முக்குள் உருண்டது

நுஸ்ஹா அனுப்பியிருந்த குரல் பதிவை முஹ்ஸின் பத்துத் தடவையாவது கேட்டிருப்பான். பதினோராவது தடவை கேட்டது அவள் வீட்டு வாசல் கேற்றடியில், கருவிப் பையைத் தோளில் போட்டபடி நின்று. பதிவின் முதல் பாதியில் நுஸ்ஹா கதைக்கிறாள்: "முஹ்ஸின் காக்கா, எங்கட உடுப்புக் கழுவுற மெஷின் பிழியக்குள்ள அடிச்சிக்கிட்டு இரிக்கி. பேரிங் போயிட்டு, ட்ரம்மோட மாத்தணும் எண்டு கல்முனைக் கடைக்காரர் சொல்றார். நீங்க ஒருக்காப் பாருங்களன்." பிறகு போனை மெஷினுக்குப் பக்கத்தில் பிடித்திருக்கிறாள். தண்ணீர் சுழல்கிற ஓசை, அதற்கடியில் ஓர் இரைச்சல், இரைச்சலுக்கும் அடியில் ஒரு சின்னச் சத்தம். டிங். கொஞ்சம் பொறுத்து இன்னொரு டிங். பேரிங் போன மெஷின், பிளேன் எழும்புகிற மாதிரி உறுமும். கடைக்காரருக்குக் காது என்று ஒன்று இருந்திருந்தால் இது அதுவல்ல என்று தெரிந்திருக்கும். இது ஏதோ ஒன்று உள்ளே தனியாக உருண்டு திரிகிற சத்தம். காசு என்றால் சளசளக்கும். வலையில் கட்டுகிற ஈயக்குண்டு என்றால் மொத்தென்று விழும். இது இரண்டுமில்லை. இது வளையமாக ஏதோ ஒன்று.

அந்த நினைப்பு வந்த நேரத்திலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. சாய்ந்தமருதில் முஹ்ஸினுக்கு இரண்டு வேலை. மெஷின் திருத்துவது வயிற்றுக்கு. இறந்தவர்களின் மையித்தைக் குளிப்பாட்டுவது மறுமைக்கு. பதினாறு வருடமாக எந்த வீட்டில் ஆண் மவுத்தானாலும் முதல் ஆளாக அவனுக்குத்தான் போன் வரும். கையில் கிடக்கிற வேலையை அப்படியே போட்டுவிட்டு ஓடுவான். நுஸ்ஹாவின் வாப்பா பளீல் காக்காவின் மவுத்துக்கும் அப்படித்தான் ஓடினான். மூன்று பேர் குளிப்பாட்டினார்கள். ஒருவர் பளீல் காக்காவின் கூடப்பிறந்த தம்பி. இன்னொருவர் கண் சரியாகத் தெரியாத கிழவர். மூன்றாவது முஹ்ஸின். குளிப்பாட்டிக் கபன் துணி சுற்றிக் கொண்டுபோய் அடக்கிவிட்டு வந்த பிறகுதான், பளீல் காக்காவின் விரலில் முப்பது வருடமாகக் கிடந்த சிவப்புக்கல் வெள்ளி மோதிரத்தைக் காணவில்லை என்று அவருடைய மனைவி ஜெனூபா சொன்னாள். அவள் சொன்னது அவ்வளவுதான். அந்த ஒரு வசனத்துக்கு ஊர் கண், காது, மூக்கு எல்லாம் வைத்தது. கூடப்பிறந்தவன் எடுப்பானா? கண் தெரியாதவர் எடுப்பாரா? மிச்சம் நின்றது முஹ்ஸின். மூன்று மாதமாகிறது, அதற்குப் பிறகு ஒரு ஜனாஸாவுக்கும் அவனை யாரும் கூப்பிடவில்லை. மெஷின் திருத்த மட்டும் கூப்பிடுகிறார்கள். திருத்துகிற நேரம் முழுவதும் பக்கத்தில் ஒருவர் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார்.

இரண்டு மணிக்குப் பிறகு வரும்படிதான் நுஸ்ஹா சொல்லியிருந்தாள். அவள் படிப்பிக்கிற பள்ளிக்கூடம் விட்டு வர இரண்டாகும். முஹ்ஸின் வேண்டுமென்றே காலை பத்து மணிக்கு வந்திருக்கிறான். உள்ளே உருள்வது அந்த மோதிரமாக இருந்து, அதை அவன் கையால் எடுத்தால், பையில் கொண்டுவந்து போட்டு எடுத்தான் என்பார்கள். மகள் எடுத்தால், பாவம் பார்த்து மூடி மறைக்கிறாள் என்பார்கள். எந்த வாயிலிருந்து கதை புறப்பட்டதோ அந்த மனிசியின் கையாலேயே வர வேண்டும். இல்லை, அது வெறும் கழன்ற ஆணியாக இருந்தால்? அதை நினைக்கவே அவனுக்குப் பயமாக இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு விறாந்தையில் ஏறி, "அஸ்ஸலாமு அலைக்கும்" என்றான்.

கதவு திறந்துதான் கிடந்தது. வாசலுக்குக் குறுக்கே நிலம் வரைக்கும் ஒரு வெள்ளைத் திரை. இரண்டு தெருவுக்கு அப்பால் கடல். அங்கிருந்து வந்த காற்றில் திரை உள்ளே போய், வெளியே வந்து, மறுபடி உள்ளே போனது.

"வ அலைக்கும் ஸலாம். ஆரு?"

"முஹ்ஸின், ராத்தா. மெஷின் பாக்க வந்தன்."

திரைக்கு அந்தப்பக்கம் காலடி வந்து நின்றது.

"நுஸ்ஹா உங்களயா வரச் சொன்ன?"

"ஓம் ராத்தா."

"அவ ஸ்கூலுக்குப் போயிட்டா. வீட்டில வேற ஆருமில்ல. நான் இத்தாவில இரிக்கன்."

"தெரியும். நான் உள்ளுக்கு வரல்ல. இங்கயே இரிந்து சொல்றன். நீங்க செய்ங்க."

"நானா? எனக்கு அதுட ஸ்விட்ச் போட மட்டும்தான் தெரியும்."

"அவ்வளவு காணும் ராத்தா. முதல்ல அந்த ஸ்விட்ச்ச நிப்பாட்டி பிளக்கக் கழட்டுங்க."

அவள் மறுத்திருந்தால் அவன் வந்த வழியே போயிருப்பான். ஆனால் கணவன் மவுத்தானால் நாலு மாதமும் பத்து நாளும் இருக்க வேண்டிய இத்தாவில், வேற்று ஆண்கள் கண்ணில் படாமல், மூன்று மாதமாக ஒரே வீட்டுக்குள், வெள்ளை உடுத்து, கூரையையும் நிலத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருக்கிற ஒரு மனிசிக்கு, செய் என்று யாராவது ஒரு வேலை சொன்னால் அது எவ்வளவு பெரிய காரியம் என்று முஹ்ஸினுக்கு எங்கே தெரியும். பிளக் கழன்று விழுகிற சத்தம் கேட்டது.

மெஷின் நடைபாதையின் கடைசியில், குசினிக்குப் பக்கத்தில் இருந்தது. அவன் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டான். கண்ணை மூடினால் அவனுக்கு மெஷின் கண்ணாடி போலத் தெரியும். அது சின்ன வயதிலிருந்தே உள்ள பழக்கம். ட்ரம்மின் மேல் விளிம்பைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பார்க்கச் சொன்னான்.

"ஆடல்ல. கல்லு மாதிரி நிக்கிது."

"அப்ப பேரிங்குக்கு ஒண்டுமில்ல. கையால மெதுவாச் சுத்துங்க."

ட்ரம் சுற்றியது. டிங். சுற்றியது. இந்த முறை சத்தம் கொஞ்சம் தள்ளி வந்தது. ஒரே இடத்தில் அடித்தால் ட்ரம்மில் ஏதோ குத்திக்கொண்டு நிற்கிறது என்று அர்த்தம். இடம் மாறி மாறி அடித்தால், ட்ரம்முக்கும் அதைச் சுற்றியிருக்கிற வெளித் தொட்டிக்கும் நடுவே ஏதோ சும்மா கிடக்கிறது. வாயிலிருக்கிற றப்பர் வளையத்தின் இடுக்கால் அப்படி எத்தனையோ விழும். கீழே முன்பக்கத்தில் ஒரு சின்ன மூடி இருக்கும், அடியில் பேசின் வைத்துவிட்டு அதைத் திருகச் சொன்னான். தண்ணீர் கொட்டுகிற சத்தம் வெகுநேரம் கேட்டது. அந்தச் சத்தத்தில் அவனுக்குக் கண் சொருகியது. குளிப்பாட்டுகிற பலகையில் தண்ணீர் வழிகிற சத்தமும் இதுதான். எத்தனை பேரை அந்தச் சத்தத்தோடு அனுப்பி வைத்திருக்கிறான். இப்போது அவர்கள் எல்லாரும் ஈரத்தோடு இந்த விறாந்தையில் வந்து வரிசையாக உட்கார்ந்து, உள்ளே என்ன வருகிறது என்று அவனோடு சேர்ந்து காத்திருப்பதாகத் தோன்றியது.

"ஒரு அஞ்சு ரூவாக் குத்தி. மறுகா ஊசி. ஒண்டு, ரெண்டு, நாலு, ஏழு. நுஸ்ஹாட ஸ்கார்ஃப் ஊசிக் கடையே இதுக்குள்ளதான் இரிந்திரிக்கி. என்ட வெள்ள உடுப்பெல்லாம் துருப் பிடிச்சது இதாலதான் போல."

அவளுடைய குரலில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. வந்த கையோடு, யாரோடு சிரிக்கிறோம் என்று நினைவு வந்தவள் போல நின்றுபோனது.

"இன்னொருக்காச் சுத்துங்க ராத்தா."

டிங்.

முஹ்ஸின் பையிலிருந்து ஸ்க்ரூட்ரைவரையும் நூலில் கட்டிய காந்தத்தையும் எடுத்துத் திரைக்கடியால் தள்ளினான். ட்ரம்முக்குள் துணியைத் தூக்கிப் போட மூன்று மேடுகள் இருக்கும், தோணித் துடுப்பு மாதிரி, அதில் ஒன்றைக் கழற்றினால் அடியில் ஓட்டை வரும் என்றான். ஆணியைக் கழற்ற அவளுக்குக் கால் மணித்தியாலம் பிடித்தது. நடுவில் ஒருமுறை மெஷினை ஏசினாள். ஒருமுறை மெஷின் வாங்கித் தந்த கணவரை ஏசிவிட்டு, உடனே அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்டு அஸ்தஃபிருல்லாஹ் சொன்னாள். ஓட்டையைக் கீழ்ப்பக்கமாகத் திருப்பி, போன் வெளிச்சத்தைப் பிடித்து, காந்தத்தை இறக்கினாள்.

"இன்னும் ரெண்டு ஊசி வருது. ஆனா அங்கால ஒண்டு கிடக்கு, வெள்ளையா. காந்தம் பட்டும் அசையிதில்ல."

இரும்பு என்றால் பாய்ந்து வந்து ஒட்டும். கழன்ற ஆணியில்லை. மோதிரம் என்ற சொல் நாக்கு நுனிவரைக்கும் வந்தது. விழுங்கினான். அவன் வாயால் முதலில் வரவே கூடாது.

"கம்பி ஏதும் வளைச்சு எடுக்க ஏலுமா ராத்தா?"

"கம்பி என்னத்துக்கு. அவர்ர தூண்டில் பெட்டி இரிக்கி."

அது அவனுக்குத் தோன்றாத விஷயம். முப்பது வருடம் கடற்தொழிலாளியோடு குடித்தனம் செய்தவளுக்குத் தோன்றியது. அலுமாரி திறந்து மூடியது. நூல் ஓட்டைக்குள் இறங்கியிருக்கும். அப்பால் கடலில் அலை ஒருமுறை விழுந்தது, இன்னொரு முறை விழுந்தது. அவன் எண்ணினான், பிறகு எண்ணுவதை விட்டான். மூன்று மாதமாக அந்த இருட்டு ஈரத்துக்குள், இவளுடைய வெள்ளைத் துணிகளுக்கு அடியில், கழுவக் கழுவ அது உருண்டு கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறது. ஒரு வீட்டு ஆட்கள் எல்லாரும் அதைக் கேட்டிருக்கிறார்கள், மெஷினுக்கு வயசு போயிற்று என்று நினைத்திருக்கிறார்கள்.

உள்ளே எல்லாச் சத்தமும் நின்றது. மயங்கி விழுந்துவிட்டாளோ என்று அவன் எழும்பி, திரைக்கு ஒரு அடி இந்தப்பக்கம் நின்றான்.

"ராத்தா?"

"சவுக்காரம் கேட்டவர்" என்றாள் ஜெனூபா. குரல் நிலத்திலிருந்து வந்தது. உட்கார்ந்துவிட்டாள் போல. "அண்டைக்கி விடியக்குள்ள, ஆஸ்பத்திரிக்குப் போக முந்தி. கை ரெண்டும் வீங்கியிருந்த. சவுக்காரம் எங்க எண்டு கேட்டவர். எடுத்துக் குடுத்தன். எதுக்கெண்டு கேக்கல்ல. கையில சவுக்காரம் பூசி மோதிரத்தக் கழட்டிச் சேட் பைக்குள்ள போட்டிரிக்கார். அந்தச் சேட் ஆஸ்பத்திரிப் பையோட வீட்ட வந்திச்சி. மணம் தாங்க ஏலாம நான்தான் மெஷினுக்குள்ள போட்டன். நான்தான்."

முஹ்ஸின் மெல்ல உட்கார்ந்தான். இந்த நேரத்துக்காக மூன்று மாதமாக எத்தனையோ வார்த்தை சேர்த்து வைத்திருந்தான். சுடச் சுடக் கேட்க ஏழெட்டுக் கேள்வி வைத்திருந்தான். அதையெல்லாம் விட்டுவிட்டான். சந்தோசமாகவும் இருந்தது, அழுகையும் வந்தது.

"அப்ப ஏன் ஒண்டும் கதைக்கல்ல நீங்க? அவர்ர கையில மோதிரம் இரிக்கல்ல எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா நான் நம்பியிருப்பனே."

"மையித்தில கண்டத வெளியில கதைக்கிறல்ல, ராத்தா. இருந்ததும் இல்லாததும் எல்லாம் அதோட அடக்கம். அப்பிடித்தான் எனக்குப் பழக்கிவிட்ட."

அவள் மூக்கை உறிஞ்சினாள்.

"என்ன கண்டீங்க? எனக்குச் சொல்லுங்க. நான் ஊர் இல்ல."

அவன் யோசித்தான். நல்லதைச் சொல்லலாம், கெட்டதைத்தான் மூட வேண்டும் என்று மார்க்கம் படித்த ஹஸரத் ஒருவர் சொல்லக் கேட்டிருக்கிறான். இது நல்லதா, கெட்டதா?

"விரல்ல வெள்ளையா ஒரு கோடு இரிந்திச்சி" என்றான். "முழு உடம்பும் கறுத்துப் போன மனிசன். அந்த ஒரு இடம் மட்டும் சின்னப்புள்ளட தோல் மாதிரி. முப்பது வருசமா வெயில் படாத இடம். எனக்கு என்னமோ போல இரிந்திச்சி. அதுக்கு மேல மட்டும் கூடுதலா ரெண்டு கோப்ப தண்ணி ஊத்தினன். சூடா இல்ல, இளஞ்சூடு."

திரைக்கு உள்ளே அவள் அழுதாள். அவன் தடுக்கவில்லை. கடற்காற்று திரையைத் தள்ளியது. ஒரு கணம் அதன் நடுவில் ஒரு முழங்காலின் உருவம் தெரிந்து மறைந்தது. அவன் முகத்தை முற்றத்துப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

வெகு நேரத்துக்குப் பிறகு துடுப்பைத் திரும்பப் பூட்டுவது எப்படி என்று அவள் கேட்டாள். அவன் சொன்னான். கீழ் மூடியை இறுக்கச் சொன்னான். ஸ்க்ரூட்ரைவரும் காந்தமும் திரைக்கடியால் திரும்பி வந்தன. பிறகு கேத்தல் கொதித்தது. முதலில் ஒரு கோப்பை வெறுந்தேத்தண்ணி வந்தது. அதற்குப் பின்னால் ஒரு சின்னத் தட்டு நிலத்தில் உரசிக்கொண்டு வந்து, வாசற்படியைத் தாண்டி, அவனுக்கு எட்டுகிற தூரத்தில் நின்றது.

தட்டில் மோதிரம் கிடந்தது. கல்லைச் சுற்றிச் சவுக்கார நுரை காய்ந்து வெள்ளையாகப் படிந்திருந்தது.

"நுஸ்ஹா வாறவரைக்கும் அத உங்களோட வச்சிரிங்க, முஹ்ஸின்" என்றாள். "எனக்கு மெஷினில உடுப்புப் போட இரிக்கி."

அவளுடைய காலடி நடைபாதையில் உள்ளே போனது. மெஷின் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. தண்ணீர் ஏறியது, ட்ரம் சுற்றத் தொடங்கியது. அவன் பழக்க தோசத்தில் காதைக் கொடுத்தான். இரைச்சல் மட்டும்தான். அந்த இரைச்சலுக்குள் அவள் போனைப் பிடித்து யாருக்கோ, இல்லை பல பேருக்கு, உரத்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான்தான், நான்தான் என்றது தவிர வேறு வார்த்தைகள் பிடிபடவில்லை. பளீல் காக்காவின் பெயர் ஒரு முறையும், முஹ்ஸினின் பெயர் இரண்டு மூன்று முறையும் கேட்டன. தெருவில் ஒரு ஆட்டோ போனது. ஓட்டிப்போனவன் விறாந்தையைத் திரும்பிப் பார்த்தான். முஹ்ஸின் அசையவில்லை. இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, தேத்தண்ணி ஆறுவதைக்கூடக் கவனிக்காமல், திரை பறந்து வந்து தட்டில் படும்போதெல்லாம் மோதிரம் ஒரு மயிரிழை நகர்வதையும், மறுபடி நிற்பதையும் பார்த்துக்கொண்டிருந்தான்.